காஸ்டிக் சோடா விலை ஏன் ஆடுகிறது, லை வாங்குவதா ஃப்ளேக்ஸ் வாங்குவதா?

கேள்வியின் சாரம் இது: பெருந்துறைப் பக்கம் துணி பிராசஸிங் பட்டறை. மாதம் சில டன் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) செலவாகிறது. உப்பு, தண்ணீர், கரண்ட் மூன்றும்தான் மூலப்பொருள் என்கிறார்கள். உப்பு விலை பெரிதாக அசையாதபோது காஸ்டிக் விலை மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? லை (காஸ்டிக் கரைசல்) லாபமா, ஃப்ளேக்ஸ் (செதில்களாக வரும் கெட்டிக் காஸ்டிக்) லாபமா? நாமே சிறிய அளவில் தயாரித்துக்கொள்ள வழி உண்டா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வழி இல்லை, முயலவும் வேண்டாம். அதற்கான காரணத்திலேயே விலை பற்றிய கேள்விக்கும் விடை இருக்கிறது.

உப்புக் கரைசலில் நேர்மின்சாரம் பாய்ச்சினால் வருவது காஸ்டிக் மட்டும் அல்ல. ஒரு டன் காஸ்டிக் வந்தால் கூடவே சுமார் 886 கிலோ குளோரினும் 25 கிலோ ஹைட்ரஜனும் வந்தே தீரும். இந்த விகிதத்தை எந்தத் தொழில்நுட்பமும் மாற்ற முடியாது. காஸ்டிக்கைத் தொட்டியில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். குளோரினை அப்படி வைக்க முடியாது. அது விஷ வாயு. திரவமாக்கி டன்னர் எனப்படும் பெரிய இரும்பு உருளைகளில் அடைத்தாலும் ஆலையில் வைத்திருக்கும் அளவுக்குச் சட்டமும் பாதுகாப்பும் எல்லை போடும். எனவே குளோரினை யாராவது எடுத்துக்கொண்டால்தான் காஸ்டிக் ஆலை ஓடும். ஒரு பட்டறையின் பின்கட்டில் நாளுக்கு 100 கிலோ காஸ்டிக் எடுத்தால் 88 கிலோ குளோரின் கையில் நிற்கும். அதைச் சுண்ணாம்பிலோ காஸ்டிக்கிலோ உறிஞ்சவிட்டு ப்ளீச்சாக மாற்றலாம்தான். ஆனால் காஸ்டிக்கில் உறிஞ்சவிட்டால் எடுத்த காஸ்டிக் முழுவதும் அதற்கே போய்விடும். ஹைட்ரஜனும் குளோரினும் கலந்தால் வெளிச்சம் பட்டாலே வெடிக்கும் என்பது தனி ஆபத்து.

பெரிய ஆலை எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். இன்று இந்தியாவில் நடைமுறையில் இருப்பது மெம்பரேன் செல் முறை. பழைய பாதரச செல்கள் ஆற்றிலும் மீனிலும் பாதரசத்தைச் சேர்த்தன. உலக அளவில் மினமாட்டா உடன்படிக்கை 2025-க்குள் அவற்றை மூடச் சொன்னது. மெம்பரேன் செல்லில் இரண்டு அறைகள், நடுவே புளோரின் சேர்ந்த பாலிமர் தாள். ஒரு பக்கம் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் ஆனோடு (நேர்மின்வாய்), மறுபக்கம் நிக்கல் கேத்தோடு (எதிர்மின்வாய்). சோடியம் அயனி மட்டும் தாளைத் தாண்டிப் போகும், குளோரைடு தாண்டாது. ஆனோடு பக்கம் குளோரின், கேத்தோடு பக்கம் ஹைட்ரஜனும் 32% காஸ்டிக்கும் வெளியே வரும். செல்லின் வெப்பம் 85 முதல் 90 டிகிரி.

இந்தத் தாள்தான் ஆலையின் உயிர்நாடி. விலையும் அதிகம், மிகவும் நுட்பமானதும்கூட. உப்பில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் தாளுக்குள் புகுந்தால் அங்கேயே ஹைட்ராக்சைடாகப் படிந்து துளைகளை அடைத்துவிடும். வோல்டேஜ் ஏறும், கரண்ட் திறன் (பாயும் மின்சாரத்தில் காஸ்டிக்காக மாறும் பங்கு) விழும், தாள் மாற்றும் செலவு முன்கூட்டியே வந்துசேரும். அதனால் செல்லுக்குள் போகும் பிரைனில் (உப்புக் கரைசலில்) கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 20 பிபிபிக்குக் கீழே, அதாவது நூறு கோடியில் இருபது பங்குக்குள், இருக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் உப்பு அந்தத் தூய்மைக்குப் பக்கத்தில்கூட இருக்காது. முதலில் சோடா ஆஷ் போட்டுக் கால்சியத்தையும், காஸ்டிக் போட்டு மக்னீசியத்தையும், பேரியம் உப்பு போட்டோ நானோ வடிகட்டியிலோ சல்பேட்டையும் பிரிப்பார்கள். பிறகு தெளியவிட்டு, வடிகட்டி, கடைசியில் கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் கீலேட் ரெசின் நிரப்பிய கோபுரங்களில் செலுத்துவார்கள். மழைக்காலத்தில் உப்பின் தரம் விழுந்தால் சோடா ஆஷ் செலவும் கழிவுச் சேறும் கூடும். உப்பு விலை அசையவில்லை என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் உப்பின் தரம் அசையும், அதன் செலவு விலைப்பட்டியலில் தெரியாது.

ஒரு டன் காஸ்டிக்குக் கணக்குப்படி 1.46 டன் உப்பு வேண்டும். நடைமுறையில் 1.5 முதல் 1.6 டன் போகும்.

மின்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ காஸ்டிக் எடுக்க இயற்கை விதிப்படி 670 ஆம்பியர் மணி தேவை. செல் வோல்டேஜ் 3.1, கரண்ட் திறன் 95% என்று வைத்தால் டன்னுக்கு ஏறக்குறைய 2,190 யூனிட் நேர்மின்சாரம். மின்மாற்றி, ரெக்டிஃபையர் இழப்பு, பம்புகள், குளோரின் அமுக்கி எல்லாம் சேர்த்து ஆலை வாசலில் 2,400 யூனிட்டுக்குக் கிட்ட வரும். இதிலிருந்து மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். யூனிட் விலை ₹1 ஏறினால் டன் காஸ்டிக்கின் செலவு சுமார் ₹2,400 ஏறும். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் மின்சாரம்தான். சுதந்திரத்துக்கு முன்பே மேட்டூரில் அணை மின்சாரத்தை அண்டி இந்தத் தொழில் வேர்விட்டதும், ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் சாகுபுரத்தில் உப்பளத்தோடு ஒட்டி ஆலை எழுந்ததும் இந்தக் கணக்கின் இரண்டு முனைகள்தான். இன்று நாட்டின் காஸ்டிக் திறனில் பாதிக்கு மேல் குஜராத்தில் இருப்பதற்கும் உப்பு, சொந்த மின் நிலையம், குளோரின் வாங்கும் ரசாயன ஆலைகள் மூன்றும் அங்கே ஒரே வட்டாரத்தில் கிடைப்பதே காரணம்.

செல்லில் வரும் 32% கரைசலை நீராவியில் சுண்டவைத்தால் 48 முதல் 50% லை. அதையும் தாண்டி உருகிய உப்பின் வெப்பத்தில், நிக்கல் குழாய்களில் 400 டிகிரிக்குக் கிட்ட கொதிக்கவிட்டு, குளிர்ந்த உருளையில் படியவைத்துச் சுரண்டினால் ஃப்ளேக்ஸ். காஸ்டிக்கில் மிச்சமிருக்கும் குளோரேட் இந்த வெப்பத்தில் நிக்கலை அரிக்கும் என்பதால் சிறிதளவு சர்க்கரை சேர்த்துக் குளோரேட்டை அழிப்பது வழக்கம். லைக்கும் ஃப்ளேக்ஸுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தின் எரிபொருள், மூட்டை, தேய்மானம் மூன்றும்தான்.

இனி விலை. காஸ்டிக் ஆலைக்காரர் காஸ்டிக் விலையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு டன் காஸ்டிக், அதோடு வரும் குளோரின் இரண்டும் சேர்ந்து என்ன வருமானம் தருகின்றன என்றே பார்ப்பார். தொழிலில் இதை ஈ.சி.யு. (எலெக்ட்ரோகெமிக்கல் யூனிட்) என்பார்கள். குளோரினுக்கு நல்ல கிராக்கி இருக்கும்போது, அதாவது பி.வி.சி., குளோரோமீத்தேன், பூச்சிமருந்து, குளோரினேட்டட் பாரஃபின் ஆலைகள் முழு வேகத்தில் ஓடும்போது, காஸ்டிக் ஆலைகளும் முழு வேகத்தில் ஓடும். சந்தையில் காஸ்டிக் குவியும், விலை இறங்கும். குளோரின் தேங்கினால் ஆலையின் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். காஸ்டிக் வரத்து சுருங்கும், விலை ஏறும். இந்தியாவில் குளோரினுக்கு எதிர்மறை விலை வருவது அடிக்கடி நடக்கும் விஷயம். எடுத்துக்கொண்டு போகிறவருக்கு ஆலையே பணம் கொடுக்கும். அந்த நஷ்டத்தைக் காஸ்டிக்கின் மேல் ஏற்றப் பார்ப்பார்கள். உங்கள் பட்டறைக்கும் பி.வி.சி. குழாய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று தோன்றும். ஆனால் கட்டுமானத் தொழில் படுத்தால் உங்கள் காஸ்டிக் பில் ஏறக்கூடும்.

குளோரினைத் தானே தின்னும் ஆலைகள் இந்த ஆட்டத்தில் தாக்குப்பிடிக்கும். சாகுபுரத்தில் அதே வளாகத்திலேயே பி.வி.சி.யும், இல்மனைட் என்ற டைட்டானியத் தாதுவிலிருந்து செயற்கை ரூட்டைலும் (செறிவூட்டிய டைட்டானியம் ஆக்சைடு) எடுக்கிறார்கள். செயற்கை ரூட்டைலுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும், அது குளோரினிலிருந்து வரும். குளோரினை வெளியே விற்றே ஆக வேண்டிய ஆலைக்கு அந்த வசதி கிடையாது. சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனிக்கச் சொல்வேன். குளோரினுக்குச் சொந்த உபயோகம் உள்ள ஆலையின் வரத்து மற்றதைவிட நிலையாக இருக்கும்.

மறுபக்கத்தில் காஸ்டிக்கை அதிகம் தின்னும் தொழில்கள். முதல் வரிசையில் அலுமினா, அதாவது அலுமினியத்தின் மூலப்பொருள். பாக்சைட்டைக் காஸ்டிக்கில் கரைத்து அலுமினா பிரிக்கும் ஆலைகள் ஒரே கொள்முதலில் கப்பல் கணக்கில் வாங்கும். ஒடிசாவின் தாமன்ஜோடி போன்ற இடங்களுக்கான சரக்கு விசாகப்பட்டினத்தில் இறங்கும். அவர்கள் வெளிநாட்டில் வாங்கினால் உள்ளூர் ஆலைகள் மற்ற வாடிக்கையாளர்களைத் தேடி விலை குறைக்கும், உள்ளூரில் வாங்கினால் சந்தை இறுகும். அடுத்து விஸ்கோஸ் இழை, சோப்பு, டிடர்ஜென்ட், துணி, காகிதம், அனல்மின் நிலையங்களில் நீர் சுத்திகரிப்பு. காகித ஆலைகள் கூழ் வேகவைத்த கருப்புத் திரவத்தை எரித்துக் காஸ்டிக்கைப் பெருமளவு மீட்டெடுக்கின்றன. வெளியே வாங்குவது முக்கியமாக இழப்பை ஈடுகட்டவும் ப்ளீச்சிங்குக்கும்தான்.

உலகச் சந்தை எவ்வளவு தூரம் வந்து தொடும் என்பதற்கு 2021 நல்ல உதாரணம். பிப்ரவரியில் டெக்சாஸ் உறைபனி, ஆகஸ்டில் லூசியானாவில் ஐடா புயல். இரண்டும் அமெரிக்காவின் குளோர்-ஆல்கலி ஆலைகள் செறிந்த கரையை முடக்கின. அதே ஆண்டின் பிற்பகுதியில் சீனாவில் மின்சாரக் கட்டுப்பாடு, அதன்பின் ஐரோப்பாவில் எரிவாயு விலையேற்றம். 2022-ல் இங்கேயும் விலை உச்சிக்குப் போனது. 2023-ல் சீனச் சரக்கும் உள்நாட்டுப் புதிய திறனும் சேர்ந்து அதைக் கீழே இழுத்தன. இங்கே ஆலைகள் மாத விலை அறிவிக்கும்போது வடகிழக்கு ஆசியாவின் ஏற்றுமதி விலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அறிவிக்கின்றன.

இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம். லை விலை எப்போதும் 100% கணக்கில், அதாவது உலர் டன்னுக்குச் சொல்லப்படும். உதாரணத்துக்கு உலர் டன் ₹40,000 என்றால், 48% லை ஒரு டன் ₹19,200 தான். டேங்கரில் வந்த எடையை 0.48-ஆல் பெருக்கிய பிறகே விலையைப் பெருக்க வேண்டும். சான்றிதழில் 47.2% என்று இருந்தால் 0.472. இந்த ஒரு இடத்தில் கவனம் தவறினால் 20 டன் டேங்கரில் 160 கிலோ உலர் காஸ்டிக், அதே விலையில் ₹6,400, கைவிட்டுப் போகும்.

லாரி வாடகை இதைவிடப் பெரிய விஷயம். 48% லையில் ஒரு டன் காஸ்டிக் வர 2.08 டன் திரவம் சுமக்க வேண்டும். 32% லையில் 3.13 டன். திரவ டன்னுக்கு ₹1,500 வாடகை என்றால், உலர் டன்னுக்கு முதலாவதில் ₹3,125, இரண்டாவதில் ₹4,690 ஆகும். 32% லை விலையில் சலுகையாகத் தெரிந்தாலும் ஆலை பக்கத்தில் இருந்தால் மட்டுமே அது சலுகை. ஃப்ளேக்ஸில் தண்ணீரைச் சுமப்பதில்லை, தூரம் கூடக்கூட அது அனுகூலம். எனவே ஒப்பிட வேண்டியது பட்டறைக்கு வந்துசேரும் உலர் டன் விலை. அதில் வாடகை, இறக்குகூலி, மூட்டையில் ஒட்டிப் போவது எல்லாம் அடங்க வேண்டும். ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் 18%. உள்ளீட்டு வரி வரவு எடுக்கிறவர்கள் அதை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடலாம்.

மாதம் சில டன் மட்டும் செலவாகிறது என்றால் முழு டேங்கர் எடுப்பது கஷ்டம். சாதாரண டேங்கர் ஒன்றே 20 டன்னுக்கு மேல். அதை இறக்கத் தொட்டி வேண்டும். இங்கேதான் பல பட்டறைகள் சறுக்குகின்றன. மாடியில் வைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் டேங்கை வாங்கி லை ஊற்றுகிறார்கள். 48% லையின் அடர்த்தி 1.5. ஆயிரம் லிட்டர் டேங்கில் ஒன்றரை டன் நிற்கும். தண்ணீரின் எடைக்கென்று வார்த்த சுவர் வெயிலில் இளகி அடியில் புடைக்கும், வெளிக்குழாய் பொருத்திய இடம்தான் முதலில் விரியும். ரசாயனத்துக்கென்று அடர்த்தி குறிப்பிட்டுத் தரும் ஹெச்.டி.பி.இ. தொட்டியோ, மைல்டு ஸ்டீல் தொட்டியோதான் சரி. சுற்றிலும், தொட்டி முழுதும் கொட்டினாலும் தாங்கும் உயரத்துக்கு சிமென்ட் வரப்பு கட்டாயம். மைல்டு ஸ்டீல் சாதாரண வெப்பத்தில் தாங்கும். சூடான லை பட்டால் வெல்டிங் ஓரங்களில் விரிசல் வரும், இரும்பும் கரைந்து வெள்ளைத் துணியில் மஞ்சள் காட்டும். ஜி.ஐ. குழாய், பித்தளை வால்வு, அலுமினியப் பாத்திரம் மூன்றையும் லை பக்கம் கொண்டுபோகவே கூடாது. துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அது தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். இன்னொன்று: 50% லை 12 டிகிரிக்குக் கிட்ட உறையத் தொடங்கும். பெருந்துறையில் கவலை இல்லை, மலைப்பகுதிக்கோ வட இந்தியக் குளிருக்கோ அனுப்பினால் குழாயில் கட்டிக்கொள்ளும்.

என் முடிவு: மாதம் 5 உலர் டன்னுக்குக் கீழே என்றால் ஃப்ளேக்ஸ். அல்லது பக்கத்துப் பட்டறைகளோடு சேர்ந்து லையை ஆயிரம் லிட்டர் ஐ.பி.சி. கூண்டுத் தொட்டிகளில் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் தொட்டி கட்டி லைக்கு மாறுவதுதான் நல்லது. கரைக்கும் ஆள், நேரம், ஆபத்து மூன்றும் மிச்சம்.

ஃப்ளேக்ஸ் கரைக்கும் ஆபத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 390 லிட்டர் தண்ணீரில் 100 கிலோ ஃப்ளேக்ஸ் போட்டால் 20% கரைசல். அந்தக் கரைப்பில் வெளிவரும் வெப்பம் கரைசலைச் சுமார் 60 டிகிரி ஏற்றும். 30 டிகிரி தண்ணீர் 90-ஐத் தொடும். வெந்நீரில் தொடங்கினால் கொதித்துத் தெறிக்கும். எப்போதும் குளிர்ந்த தண்ணீரில், கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளேக்ஸைச் சேர்க்க வேண்டும். ஃப்ளேக்ஸின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கலக்காமல் மூட்டையைக் கவிழ்த்தால் அடியில் பாறையாகக் கட்டிக்கொள்ளும். பிறகு கலக்கியை ஓட்டும்போது அந்தக் கட்டி ஒரேயடியாகக் கரைந்து கொதித்து மேலே எழும். கண்ணாடி, முகத்தடுப்பு, ரப்பர் கையுறை இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் இமையைத் திறந்து கழுவத் தொடங்கி, குறைந்தது 20 நிமிடம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. தோலில் பட்ட காஸ்டிக் முதலில் வழுவழுப்பாக மட்டும் தெரியும், எரிச்சல் தாமதமாக வரும். அதற்குள் ஆழமாக அரித்திருக்கும்.

வந்த சரக்கின் பலத்தை ஹைட்ராமீட்டரை (அடர்த்தி காட்டும் மிதவைக் கருவி) மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். 48% லை டுவாடல் என்ற அடர்த்தி அளவில் 100-க்குச் சற்று மேலே காட்டும் என்பது உண்மை. ஆனால் உப்பும் கார்பனேட்டும் கலந்திருந்தாலும் அது அதே அளவைக் காட்டும், சூடாக இருந்தால் குறைத்துக் காட்டும். டைட்ரேஷன், அதாவது பலம் தெரிந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காஸ்டிக்கின் பலத்தை அளப்பது, அரை மணி நேர வேலை. மூடியுள்ள பாட்டிலில் 2 கிராம் லையை எடைபோட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, பீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இளஞ்சிவப்பு மறையும் வரை விடுங்கள். அந்த அளவு முதல் எண். பிறகு மெத்தில் ஆரஞ்சு விட்டு, மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறும்வரை அமிலத்தைத் தொடர்ந்தால் மொத்த அளவு இரண்டாம் எண். முதல் எண்ணை இரண்டால் பெருக்கி அதிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்து, வந்ததை 0.04-ஆல் பெருக்கினால் உண்மையான காஸ்டிக் கிராமில் வரும். நல்ல 48% லையில் 2 கிராமுக்கு ஏறத்தாழ 24 மில்லி ஆகும், இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும். இரண்டும் விலகி நின்றால் காற்றின் கரியமில வாயுவைக் குடித்துக் காஸ்டிக் கார்பனேட்டாக மாறியிருக்கிறது என்று அர்த்தம். வாய் கட்டாமல் வைத்த ஃப்ளேக்ஸ் மூட்டையில் இது தவறாமல் நடக்கும். ஈரம் குடித்து எடையும் கூடியிருக்கும் என்பதால் எடைமேடை இழப்பைக் காட்டாது. மெர்சரைசிங்குக்குக் (பருத்தித் துணியைக் கெட்டியான காஸ்டிக்கில் நனைத்துப் பளபளப்பேற்றுவது) கார்பனேட் எந்த வேலையும் செய்யாது. ஸ்கவரிங்கில் (துணியின் எண்ணெய், அழுக்கைக் கொதிக்கவைத்து நீக்குவது) மட்டும் ஓரளவு கைகொடுக்கும்.

சோப்பு செய்கிறவர்களும் இதே கேள்வியோடு வருவதால் ஒரு கணக்கு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் தூய காஸ்டிக் வேண்டும். 98% ஃப்ளேக்ஸில் 187 கிராம், 48% லையில் 381 கிராம், அதாவது 250 மில்லிக்குச் சற்று மேல். சோப்பில் எண்ணெய் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று 5% குறைத்தே போடுவார்கள். பழைய மூட்டையின் பலம் தெரியாமல் போட்டால் எண்ணெய் மிஞ்சிச் சோப்பு குழையும். அதைச் சரிக்கட்ட அளவைக் கூட்டிவிட்டு, அடுத்த தொகுதிக்கு அதே கூட்டிய அளவில் புதிய மூட்டையைப் போட்டால் தோல் எரியும்.

கடைசியாக, விலையைவிட அதிகம் மிச்சம் தரும் ஒன்று உங்கள் பட்டறைக்குள்ளேயே இருக்கலாம். மெர்சரைசிங் 20 முதல் 25% பலத்தில் நடக்கிறது. துணி அதில் தின்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அலசும் தண்ணீரில் 5-6% பலத்தில் வெளியே போகிறது. அதைச் சுண்டவைத்துத் திரும்ப எடுக்கும் ஆலை பெரிய மெர்சரைசிங் யூனிட்களில் சில ஆண்டுகளிலேயே போட்ட பணத்தை எடுத்துவிடும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின் கழிவுநீரைத் துளி வெளியேற்றாமல் மீட்பது இந்த வட்டாரத்தில் கட்டாயமாகிவிட்டது. வெளியே விடும் ஒவ்வொரு கிலோ காஸ்டிக்குக்கும் முதலில் விலை கொடுத்தீர்கள். பிறகு அமிலம் விட்டு நடுநிலையாக்கச் செலவு, உப்பாகி நிற்பதை ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் பிரிக்கச் செலவு, கடைசியில் அந்த உப்பை மூட்டை கட்டி அடுக்கி வைக்கவும் செலவு. சப்ளையரிடம் கிலோவுக்கு ஐம்பது காசு பேரம் பேசுவதற்கு முன் அலசும் தொட்டித் தண்ணீரில் ஒரு டைட்ரேஷன் போட்டு, ஒரு நாளில் எவ்வளவு காஸ்டிக் ஓடுகிறது என்று எடுத்துப் பாருங்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மீட்பு ஆலைக்கு விலை கேளுங்கள்.